துப்பாக்கியும் துருவும்

துப்பாக்கியின் குழல் ஏன் கறுப்பாக இருக்கிறது? தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நாள்தொட்டு எத்தனையோ தலைமுறை மாணவர்கள் ரைபிளைத் தோளில் சார்த்திக்கொண்டு அணிவகுத்து நடந்திருக்கிறார்கள். மழை நாட்களில் அதன் ஈரத்தைத் துடைத்திருக்கிறார்கள்; துணியை எண்ணெயில் தோய்த்துக் குழலின்மேல் தடவியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அவர்களுள் மிகச் சிலராகவே இருப்பார்கள். கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலரும் எண்ணிக்கொள்கிறோம். சில துப்பாக்கிகளில் அப்படிப் பூசியிருப்பதும் உண்டு. ஆயினும் பெரும்பாலான பழைய ரைபிள்களில் நாம் காணும் அந்தக் கருநீல நிறம் சாயமன்று. அதுவும் ஒரு வகைத் துருவே. துருவைக் கொண்டே துருவுக்கு அணை போட்டிருக்கிறார்கள்.

இந்த உபாயம் கொல்லர்களுக்குத் தெரிந்து நெடுங்காலம் ஆகிறது. பட்டாளங்கள் அதை மனமுவந்து ஏற்றுக்கொள்ளத்தான் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதே இந்தப் பேச்சின் பொருள்.

முதலில் துரு என்பது இன்னதென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கிறது. உப்பு சேர்ந்தால் அது விரைந்து வளரும். கடற்கரை ஊர்களில் சன்னல் கம்பிகள் அரித்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடல் வரை போகவேண்டியதில்லை. நம் உள்ளங்கை வியர்வையிலேயே உப்பு உண்டு. மெருகிட்ட இரும்பை வெறும் கையால் தொட்டு வைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தால், விரல் ரேகை செந்துருவாக எழுதப்பட்டிருக்கும். இந்தச் செந்துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகையால் அது இரும்போடு ஒட்டி நில்லாமல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, அதுவும் துருவாகிறது. இப்படியே விட்டால் முடிவில் இரும்பே மிஞ்சாது.

ஆனால் இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்து உண்டாகும் பொருள் இது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. காந்தக்கல் என்று நாம் அழைக்கும் தாதுவும் அவ்விரண்டின் சேர்க்கையே. அது கறுப்பு நிறமுடையது, இறுக்கமானது, இரும்பின்மேல் படர்ந்தால் எளிதில் உதிராமல் ஒட்டி நிற்பது. செந்துரு இரும்பைத் தின்னும். கருந்துரு இரும்பைப் போர்த்தும். துப்பாக்கி செய்வோரின் கலையெல்லாம் முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதில் அடங்கியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பட்டாளங்களுக்கு இந்தப் போர்வை தேவைப்படவில்லை. அவர்கள் விரும்பியது பளபளப்பை. பிரிட்டிஷ் காலாட்படையினர் 1720-களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்ட மஸ்கட் துப்பாக்கியைப் 'பிரவுன் பெஸ்' என்று செல்லமாக அழைத்தார்கள். 'பிரவுன்' என்றால் பழுப்பு. அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது பற்றிப் பல கதைகள் உண்டு. எதையும் உறுதியாகக் கொள்வதற்கில்லை. வேடிக்கை என்னவென்றால், பழுப்பு என்ற பெயருடைய அந்தத் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருந்தது. அதை மின்ன வைத்தவன் சாதாரணச் சிப்பாய். செங்கற்பொடியும் எண்ணெயும் கலந்து, துணியில் எடுத்துக் குழலைத் தேய்ப்பது அவனுடைய அன்றாடக் கடமை. அணிவகுப்பில் வெயில் பட்டவுடன் ஆயிரம் குழல்களும் ஒரே வரிசையாகச் சுடர்விட வேண்டும். தளபதி குதிரைமேல் வந்து பார்க்கும்போது ஒரு புள்ளிகூடத் தென்படக் கூடாது. தென்பட்டால் தண்டனை உண்டு.

செங்கற்பொடியின் இயல்பைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். நம் வீடுகளில் ஒரு காலத்தில் பித்தளைப் பாத்திரங்களைச் செங்கற்பொடியும் புளியும் கொண்டு விளக்கியது போலத்தான் அதுவும். அது துருவை நீக்குகிறது, உண்மை. ஆனால் துருவோடு துருவாக, அதன் அடியிலிருக்கும் நல்ல இரும்பிலும் ஒரு மெல்லிய படலத்தைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. சுரண்டப்பட்டுப் புதிதாய் வெளிப்பட்ட இரும்புக்குக் காப்பு ஒன்றுமில்லை. அன்றிரவுப் பனியிலேயே அது மீண்டும் துருப்பிடிக்கும். காலையில் மீண்டும் தேய்க்க வேண்டும். ஒரு துப்பாக்கி பல ஆண்டுகள் உழைக்க வேண்டியது. அத்தனை ஆண்டுகளும் நாள்தோறும் தேய்த்தால் குழலின் சுவர் மெலியாமல் என்ன செய்யும்? வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய சுவர் அது. பகைவன் குண்டுக்குத் தப்பிய சிப்பாய், தன் கையாலேயே தேய்த்து மெலிய வைத்த குழலுக்கு அஞ்ச வேண்டியிருந்தது என்றால் அது மிகையன்று.

இன்னொரு கேடும் இருந்தது. மின்னும் குழல் நெடுந்தூரத்திலிருந்தே கண்ணில் படும். வரிசை வரிசையாக நின்று, எதிரெதிரே நடந்து வந்து, கூப்பிடு தூரத்தில் சுட்டுக்கொள்ளும் போர்முறையில் யாரும் ஒளிவதில்லை. ஆகவே இது ஒரு குறையாகத் தோன்றவில்லை. மரத்தின் பின்னும் வேலியின் பின்னும் பதுங்கிச் சுடும் போர்வீரர்கள் தோன்றியபோதுதான் நிலைமை மாறியது.

1800-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் ரைபிள் வீரர்களுக்கென்று ஒரு சோதனைப் படையை அமைத்தார்கள். பின்னர் 95-ஆம் படைப்பிரிவு என்று புகழ்பெற்றது அதுவே. செந்நிறச் சட்டை அணிந்த ஏனைய படைகளுக்கு நடுவே இவர்கள் கரும்பச்சை உடை அணிந்தார்கள். இவர்களுக்கென்று எசக்கியேல் பேக்கர் என்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் ஒரு ரைபிளை வடிவமைத்தார். அதன் குழல் 30 அங்குல நீளம். உள்ளே சுருள்வரைகள் வெட்டப்பட்டிருந்தமையால் குறி தவறாமல் நெடுந்தூரம் சுடக்கூடியது. அதைப் பற்றிய நூல்கள் எல்லாம் அந்தச் சுருள்வரைகளையே வியந்து பேசுகின்றன. குழலின் வெளிப்புறத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. என் கருத்தில் அந்த ஒரு வரியும் சிறிதன்று: பேக்கர் ரைபிளின் குழல் பழுப்பேற்றப்பட்டிருந்தது. பச்சை உடைக்கும் பழுப்புக் குழலுக்கும் காரணம் ஒன்றே. வீரன் கண்ணில் படக் கூடாது.

பழுப்பேற்றுவது எப்படி? இது சுவையான பகுதி. சிறிது நின்று பார்ப்போம்.

முதலில் குழலைச் சுண்ணாம்பு அல்லது காரநீர் கொண்டு கழுவி, எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இல்லாமல் செய்வார்கள். குழலின் இரு வாய்களிலும் மரத்தக்கைகளை அடித்துச் செருகுவார்கள். மருந்து உள்ளே புகாமல் தடுப்பது ஒரு பயன். அவற்றையே கைப்பிடியாகக் கொண்டு குழலைத் தூக்குவது மற்றொரு பயன். ஏனெனில் இந்த வேலை முடியும் வரை யாரும் குழலை வெறும் கையால் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் கைப்பிசுக்கு ஒட்டி, மருந்து பற்றாமல் திட்டாகிவிடும். பிறகு மருந்து. சாராயம், நைட்ரிக் அமிலம், மயில்துத்தம், வீரம், இரும்புச் சத்துள்ள ஒரு கரைசல் இவற்றைக் கலந்து பஞ்சால் மெல்லியதாகத் தடவுவார்கள். வீரம் என்பது நம் சித்த மருத்துவர்கள் அறிந்த கொடிய பாதரச உப்புதான். இந்தத் தொழிலில் ஈடுபட்டவர்களின் உடல்நலத்தைப் பற்றி அக்காலத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மருந்து தடவிய குழலை வெதுவெதுப்பான ஈரக்காற்றில் ஒரு நாள் வைத்தால் அதன்மேல் செந்துரு பூத்திருக்கும். மெல்லிய கம்பித் தூரிகையால் அந்தத் துருவின் உதிரும் பகுதியை மட்டும் நீக்குவார்கள். உதிராமல் ஒட்டிக்கொண்ட பகுதி நிற்கும். மீண்டும் மருந்து, மீண்டும் ஒரு நாள், மீண்டும் தூரிகை. இப்படிப் பல முறை செய்தபின், ஆழ்ந்த பழுப்பு நிறத்தில் ஒரு சீரான படலம் அமையும். இறுதியில் அமிலத்தின் எச்சம் போகும்படி கொதிநீரும் காரமும் கொண்டு கழுவி, காய வைத்து, மெழுகோ வார்னிஷோ எண்ணெயோ பூசுவார்கள்.

ஒவ்வொரு முறை துரு ஏறிய பின்னும் குழலைக் கொதிநீரில் வேகவைத்தால் செந்துரு கருந்துருவாக மாறிவிடுகிறது. பழுப்புக்குப் பதில் கருநீலம் கிடைக்கிறது. இந்த வேறுபாடுதான் பழுப்பேற்றலுக்கும் நீலமேற்றலுக்கும் இடையே உள்ளது. இருபதாம் நூற்றாண்டில் இத்தனை நாள் காத்திருக்கவும் தேவையில்லாமற் போயிற்று. எரிசோடாவும் நைட்ரேட் உப்பும் கரைத்த நீரை ஏறத்தாழ 140 பாகை சென்டிகிரேடில் கொதிக்கவைத்து, அதில் இரும்பை அமிழ்த்தினால் ஒரு மணி நேரத்துக்குள் கறுப்பாகிவிடும்.

இந்தக் கறுப்புப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே. இது தனித்து நின்று துருவைத் தடுத்துவிடாது. இதில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உள்ளன. அந்தத் துளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வழவழவென்று மெருகேற்றிய இரும்பிலிருந்து எண்ணெய் வழிந்துவிடும், இதிலிருந்து எளிதில் வழியாது. ஆகவே எண்ணெய் பூசாத நீலக்குழல் மழையில் நனைந்தால் துருப்பிடிக்கவே செய்யும். நீலம் ஏற்றிவிட்டோமே என்று எண்ணெயை மறந்தவர்கள் பலர்.

இவ்வளவு நன்மை இருந்தும் பட்டாளங்கள் தயங்கின. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். அவர்களுடைய 1816-ஆம் ஆண்டு மாதிரி மஸ்கட்டுக்கு 1820-களில் சில ஆண்டுகள் பழுப்பேற்றினார்கள். 1830-களின் தொடக்கத்தில் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, மீண்டும் வெள்ளைக் குழலுக்கே திரும்பினார்கள்! உள்நாட்டுப் போரில் வட மாநிலத்துச் சிப்பாய்கள் ஏந்திய 1861-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் பளபளப்பாகவே இருந்தது. அதே போரில் இறக்குமதியாகி வந்த பிரிட்டிஷ் என்ஃபீல்டு ரைபிளோ நீலக் குழலுடையது. 1873-ஆம் ஆண்டு மாதிரியில்தான் அமெரிக்கர்கள் கறுப்புக் குழலுக்கு நிலையாக வந்து சேர்ந்தார்கள். வேதியியல் தெரியாமை இதற்குக் காரணமன்று. பளபளப்பு இருந்தால் சிப்பாய் உழைத்திருக்கிறான் என்று பொருள். கறுப்பாக இருந்தால் அவன் உழைத்தானா உறங்கினானா என்று மேலதிகாரிக்கு ஒரு பார்வையில் தெரியாது. துப்பாக்கியின் நலத்தைவிடக் கண்காணிப்பின் எளிமை பெரிதாகப் போயிற்று. பகைவரை ஒளிந்திருந்து சுடும் ரைபிள்கள் எல்லார் கைக்கும் வந்து, மின்னும் பொருள் எதுவும் உயிருக்கு ஆபத்து என்றான பிறகே கண்காணிப்பாளர்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

குழலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கியில் பாதிக்கு மேல் மரம் அல்லவா? அந்தக் கதை எளியது. வால்நட் மரமே கட்டைக்கு உகந்தது என்று ஐரோப்பியர் கொண்டார்கள். அதற்குக் காப்பு ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் போலவோ நல்லெண்ணெய் போலவோ அது என்றும் திரவமாகவே இருப்பதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகி, பிசின் போலாகிவிடுகிறது. மரத்தின் துளைகளில் புகுந்து அப்படி இறுகினால் நீர் உள்ளே புக இடமில்லை. மரம் நீரை உறிஞ்சினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதனால் குழல் அமர்ந்திருக்கும் இடம் மாறிக் குறி தவறும். மரக்கட்டைக்கு எண்ணெய் தேய்ப்பது அழகுக்கென்று நினைப்பவர்கள் இதை அறிய வேண்டும்.

கொழுப்பு என்றவுடன் இந்திய மாணவர் மனத்தில் 1857 நினைவுக்கு வராமல் இராது. அது குழலின் வெளிப்புறத்துக்குப் பூசிய கொழுப்பன்று. என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவுக்குத் தடவியது. குண்டு குழலுக்குள் எளிதாக இறங்கவும், உள்ளே படியும் மருந்துக் கரியை இளக்கவும் அந்த மசகு வேண்டியிருந்தது. அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற ஐயம் சிப்பாய்களிடையே பரவியபின், அவர்களே தேன்மெழுகும் நெய்யும் கலந்து பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் கூறிப் பார்த்தார்கள். நம்பிக்கை முறிந்தபின் அது எடுபடவில்லை. அந்த எழுச்சிக்குக் காரணங்கள் பல என்பது வரலாறு கற்பிக்கும் பாடம். ஆயினும் ஓர் ஆயுதத்துக்கு எதைப் பூசுவது என்ற கேள்வி ஒரு பேரரசையே உலுக்கிய வேறு சந்தர்ப்பத்தை நான் அறியேன்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்தியப் பட்டாளத்தின் தோழனாக விளங்கியது 303 என்று எல்லோரும் அழைத்த லீ-என்ஃபீல்டு ரைபிள். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் அது பல்லாண்டுகள் செய்யப்பட்டது. 1960-களில் புதிய தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றியும் அங்கே செய்தார்கள். அதன் பின்கட்டையைக் கவனித்தால், அடியில் ஒரு சிறு பித்தளைக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு பொந்து; அதில் ஓர் எண்ணெய்ச் சிமிழும், முனையில் ஈயக் குண்டுபோல் கனமான உலோகம் கோத்த 'புல்த்ரூ' என்னும் கயிறும் வைக்கப்பட்டிருக்கும். நான்கு அங்குலத்துக்கு இரண்டு அங்குலமாகக் கிழித்த ஃபிளானல் துணியைக் கயிற்றின் கண்ணியில் செருகிக் குழல் வழியே இழுப்பார்கள். மருந்துப்பெட்டியைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவனின் முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும்.

எண்ணெய்க்கு முன் கொதிநீர் என்பது அக்காலத்து விதி. கேட்பதற்கு விந்தையாக இருக்கும். துரு பிடிக்கும் இரும்பில் நீரை ஊற்றுவானேன்? அந்நாளைய தோட்டாவின் அடியில் இருந்த பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் கலந்திருந்தது. அது வெடித்தால் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சும். நம் சமையல் உப்பின் உடன்பிறப்பு அது. எண்ணெயில் உப்பு கரையாது, நீரில் கரையும். ஆகவே சுட்டு முடித்ததும் கொதிநீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும்; கொதிநீரின் சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும்; அதன் பிறகுதான் எண்ணெய். உப்பைக் கழுவாமல் மேலே எண்ணெய் பூசியவன் பகைவனை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தியவன் ஆவான்.

இந்த விதிகள் எல்லாம் 1944-ஆம் ஆண்டில் பெரும் சோதனைக்கு உள்ளாயின. இம்பால், கோஹிமாப் போர்களுக்குப் பின் தளபதி ஸ்லிம் மழைக்காலத்தில் போரை நிறுத்தாமல் பர்மா எல்லைக் காடுகளில் ஜப்பானியரைத் தொடர்ந்தார். அவருடைய 14-ஆம் சேனையில் இந்திய வீரர்களே பெரும்பகுதியினர். உலகிலேயே மிகக் கடுமையான மழை பொழியும் இடங்களில் அதுவும் ஒன்று. உடை காயாது, செருப்பு பூசணம் பூக்கும், இரவு துடைத்து வைத்த இரும்பு காலையில் சிவந்திருக்கும். அந்த வீரர்களுக்குச் சிமிழில் இருந்த சில துளி எண்ணெய் உணவுக்கும் மருந்துக்கும் அடுத்தபடியான பொருளாக இருந்தது.

மழைக்கும் கடல் கடந்த பயணத்துக்கும் ஈடுகொடுக்க நீலத்தைவிட உறுதியான போர்வை தேவைப்பட்டது. அதற்கான வழியை 1906-ஆம் ஆண்டிலேயே தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்ற ஆங்கிலேயர் கண்டு, காப்புரிமை பெற்றிருந்தார். பாஸ்பாரிக் அமிலத்தோடு இரும்புத் தூளைச் சேர்த்துக் கொதிக்கவைத்த கரைசலில் இரும்பை வைத்தால், அதன் மேற்பரப்பு இரும்பு பாஸ்பேட் படிகங்களாக மாறிச் சாம்பல் நிறம் பெறும். பின்னர் அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனத்தார் இதைத் திருத்தி வளர்த்ததால் 'பார்க்கரைசிங்' என்ற பெயர் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் ஏந்திய எம்-1 கேரண்டு ரைபிளின் மங்கிய சாம்பல் நிறம் இதனால் வந்ததே. ஒளியைத் திருப்பி அனுப்பாத சொரசொரப்பு அதற்கு உண்டு. நீலத்தைவிட மிகுதியான எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கப்பலேற்றும்போது இவற்றின்மேல் காஸ்மோலைன் என்ற பழுப்பு நிறக் கொழகொழப்பான மண்ணெண்ணெய்ப் பிசினையும் அப்பினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோதும் துப்பாக்கிகள் புதிதாகவே இருந்தன. ஆனால் அந்தப் பிசினை வழித்தெடுப்பது திறந்தவர்களின் பொறுமையைச் சோதித்தது.

இரும்பைப் பாஸ்பரஸ் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே வியத்தகு சான்று நிற்கிறது. தில்லியில் குதுப்மினார் அருகேயுள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்பது. அதன் இரும்பில் இக்கால எஃகில் உள்ளதைவிடப் பன்மடங்கு பாஸ்பரஸ் கலந்திருக்கிறது. மரக்கரி கொண்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் உருக்கியதால் அது இரும்பிலேயே தங்கிவிட்டது. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டதில் அந்தப் பாஸ்பரஸ் தூணின் மேற்பரப்பில் ஒரு பாஸ்பேட் படலமாகப் படிந்து அதைக் காத்துவருகிறது என்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விரிவாக ஆராய்ந்து காட்டினார். தில்லியின் வறண்ட காற்றும் துணை செய்தது. காஸ்லெட் கொப்பரையில் சில மணி நேரத்தில் செய்ததை, இயற்கை அங்கே மெல்ல மெல்லச் செய்தது எனலாம். நம் முன்னோர் இதைத் தெரிந்தே செய்தார்கள் என்று பெருமைப்பட எனக்கும் ஆசைதான். சான்று அந்த அளவுக்கு இடம் தரவில்லை. தூணைப் பின்புறமாகக் கைகோத்துக் கட்டிப்பிடித்தால் நல்வாய்ப்பு வரும் என்று பார்வையாளர்கள் நம்பியதும், அப்படி நாள்தோறும் பலர் தொட்டுத் தேய்த்ததில் தூணின் மேற்பரப்பு கெடவே 1997-இல் சுற்றிலும் வேலி இட்டதும் இங்கே நினைவுகூரத் தக்கவை. பதினாறு நூற்றாண்டு மழை செய்யாததை மனிதனின் உள்ளங்கை செய்துவிட்டது. அதே பேராசிரியர் நம் தஞ்சாவூரில் பீரங்கி மேட்டின்மேல் கிடக்கும் பெரிய இரும்புப் பீரங்கியையும் ஆராய்ந்திருக்கிறார். நாயக்கர் காலத்தில் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்த பீரங்கி அது, ஏழு மீட்டருக்கு மேல் நீளமுடையது, வார்த்தது அன்று. தஞ்சைக்குச் செல்லும் மாணவர்கள் பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அதையும் ஒரு முறை பார்த்து வரலாம்.

துருவே பிடிக்காத எஃகைச் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த எஃகு பிறந்ததே ஒரு ரைபிள் குழலை முன்னிட்டுத்தான்! இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆய்வாளர் ஹாரி பிரியர்லி, குண்டின் உராய்வாலும் வெப்பத்தாலும் துப்பாக்கிக் குழலின் உட்புறம் தேய்வதைத் தடுக்க வழி தேடினார். 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டில், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேல் குரோமியம் கலந்த எஃகு ஒன்றை உருக்கினார். அதன் நுண்ணமைப்பைக் காண்பதற்காக அமிலத்தில் நனைத்தபோது அமிலம் அதைத் தீண்ட மறுத்தது. அவர் தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. துப்பாக்கிக் குழலுக்கு அதை ஏற்றுக்கொள்வார் இல்லை. ஷெஃபீல்டின் கத்தி செய்வோரிடம் போய்ச் சேர்ந்தது. இன்று நம் அடுக்களைகளில் எவர்சில்வர் என்ற பெயரில் அடுக்கி வைத்திருப்பது அதன் வழித்தோன்றலே.

குரோமியத்தைப் பொருட்படுத்தாமல் விட்டதன் விலையை வேறொரு பட்டாளம் 1960-களில் கொடுத்தது. வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் எம்-16 என்ற புதிய ரைபிளை இறக்கினார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் மிகுதியாகக் கொண்ட இலகுவான ஆயுதம். இதைத் துடைக்கவே வேண்டியதில்லை என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. துடைக்கும் கருவிகளைக்கூடப் போதிய அளவில் அனுப்பவில்லை. சோதனையின்போது இருந்ததற்கு மாறான வெடிமருந்தைத் தோட்டாவில் நிரப்பினார்கள். அது அதிகக் கரியை விட்டது. தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. ஈரம் மிகுந்த அந்தக் காட்டில் அறை துருப்பிடித்துப் பள்ளம் விழுந்தது. சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொண்டது. கையில் இயங்காத துப்பாக்கியோடு இளைஞர்கள் மாண்டார்கள். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் செய்தித்தாள்களை எட்டின. 1967-இல் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் விசாரித்து, படைத்துறையைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகே அறைக்குக் குரோமியப் பூச்சும், வீரர்களுக்குத் துடைக்கும் கருவிகளும் வந்தன. துப்பாக்கியைப் பேணும் முறையைப் படக்கதையாக வரைந்து விளக்கும் பொறுப்பு வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரருக்குத் தரப்பட்டது. கடினமான கையேடுகளைப் படிக்காத இளைஞர்கள் அந்தப் படக்கதையைப் படித்தார்கள்.

இறுதியாக, போரிலிருந்து ஓய்வு பெற்று அருங்காட்சியகத்தில் உறங்கும் துப்பாக்கிகளைப் பற்றியும் சில சொற்கள். பழைய துப்பாக்கி ஒன்று கையில் கிடைத்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டும் என்ற ஆவல் பலருக்கு எழும். அது பழைய செங்கற்பொடிப் புத்தியே. குழலின் பழுப்புப் படலத்தில்தான் அதைச் செய்தவனின் முத்திரையும், கைப்பட்டுத் தேய்ந்த இடங்களும், அது கடந்து வந்த காலமும் பதிந்திருக்கின்றன. தேய்த்துவிட்டால் வரலாற்று மாணவனுக்கு அதில் படிக்க ஒன்றும் இராது. ஆகவே அருங்காட்சியகத்தார் துரு மேலும் பரவாமல் நிறுத்துவதோடு அமைகிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் இதற்கென்றே ஒரு நுண்படிக மெழுகுக் கலவை உருவாக்கப்பட்டது. நம் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-ஆம் ஆண்டிலேயே வேதியியல் காப்புக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டதும், டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே மின்சார முறையால் செப்புத் திருமேனிகளின் களிம்பை நீக்கி அவற்றைக் காத்ததும் நாம் பெருமையோடு குறிப்பிடத் தக்கவை.

இரும்புப் பொருள்களுக்கு இந்த நிபுணர்கள் கையாளும் மருந்துகளில் ஒன்று டானிக் அமிலம். அதைத் துருவின்மேல் தடவினால் துருவோடு கூடி, கருநீலமான, எளிதில் கரையாத ஒரு பொருளாக மாறிப் படிந்துவிடுகிறது. அந்த அமிலம் நம்மூர்க் கடுக்காயில் நிறைய உண்டு. கடுக்காய்க் கஷாயத்தில் இரும்பு உப்பைச் சேர்த்து நம் பாட்டன்மார் காய்ச்சிய எழுதுமையின் கறுப்பும், துருவின்மேல் அந்த நிபுணர்கள் படியவைக்கும் கறுப்பும் ஒன்றே.